வரைபடத்துக்கு வெளியே ஒரு பூஞ்சை: வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளத்தாக்குக் காய்ச்சல்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், 2010-ஆம் ஆண்டு வாக்கில், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத மூன்று பேர் நோயில் விழுந்தார்கள். முதலாவது ஒரு சிறுவன், நுரையீரல் அழற்சியோடு வந்தவன். அடுத்தவன் பதின்பருவப் பையன். மண் தடத்தில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்டும்போது விபத்தாகி முழங்காலில் அடிபட்டது, அந்தக் காயத்தில் தொற்று ஏறிவிட்டது. மூன்றாமவர் கட்டுமான வேலை செய்பவர். அவருக்கு நோய் மூளையுறை வரை போயிருந்தது.

மூவருக்கும் காரணம் ஒன்றே என்று பரிசோதனைகள் காட்டின: காக்சிடியாய்டிஸ் என்ற மண் பூஞ்சை. இது உண்டாக்கும் நோய்க்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர். கலிஃபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கிலும் அரிசோனாவின் பாலைநிலத்திலும் இதை அறியாத மருத்துவர் கிடையாது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 பேருக்கு இந்த நோய் பதிவாகிறது, அதில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு மாநிலங்களிலிருந்துதான். வாஷிங்டனோ அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. இந்த மூவரும் சமீபத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் அல்ல.

அப்படியானால் பூஞ்சை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. பதில் வந்த வழியையும், அதை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் பற்றியது இந்தக் கட்டுரை. மரபணுத்தொகுதியைப் படிப்பது நோயியலுக்கு என்ன தரும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

பூஞ்சை வாழும் விதம்

காக்சிடியாய்டிஸ் மண்ணில் நூல் நூலாக வளரும். ஈரம் இருக்கும்போது பரவி, மண் காய்ந்ததும் அந்த இழைகள் துண்டு துண்டாக உடையும். இழையில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செல்கள் செத்துவிட, இடையில் உயிரோடு மிஞ்சும் செல்கள் பீப்பாய் வடிவத் தூள்களாகப் பிரிகின்றன. ஒரு தூளின் அளவு 2 முதல் 4 மைக்ரோமீட்டர்தான். காற்றோடு எழும்பி மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போவதற்கு ஏற்ற அளவு அது.

நுரையீரலுக்குள் போன பிறகு அது இழையாக வளர்வதில்லை. உருண்டு திரண்டு பெரிய கோளமாகிறது. அந்தக் கோளத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறு வித்துகள் உருவாகி, கோளம் வெடித்ததும் சிதறி, ஒவ்வொன்றும் புதிய கோளமாக வளரத் தொடங்கும். மண்ணில் ஓர் உடல், விலங்குக்குள் வேறோர் உடல் என்று இரண்டு வாழ்க்கை வாழும் உயிரி இது.

தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மற்றவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், இருமல், மார்பு வலி, வாரக்கணக்கில் விடாத அசதி என்று வரும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் பூஞ்சை நுரையீரலைத் தாண்டித் தோல், எலும்பு, மூளையுறை என்று பரவும். மூளையுறைக்குப் போய்விட்டால் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் நிறுத்த முடியாது. மாற்றுறுப்பு வழியாக நேரும் அபூர்வ நிகழ்வுகளைத் தவிர, மனிதருக்கு மனிதர் இது தொற்றாது. மண்தான் மூலம். ஆகவே "யாரிடமிருந்து வந்தது" என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை, "எந்த மண்ணிலிருந்து வந்தது" என்று மட்டுமே கேட்க வேண்டும்.

வாஷிங்டன் பையனின் முழங்கால் இந்த நோயில் அபூர்வமான வழி. மூச்சில் போக வேண்டிய பூஞ்சை கிழிந்த தோல் வழியாக நுழைந்திருக்கிறது. இந்த இடத்தில் நம் ஊரை ஒருமுறை நினைக்கத் தோன்றுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காயத்தின் வழியே காலுக்குள் ஏறி ஆண்டுக்கணக்கில் அரிக்கும் நோய்க்கு உலக மருத்துவத்தில் மதுராக் கால் என்றே பெயர். 1842-இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரை மருந்தகத்தில் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த பெயர் அது. வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்களுக்கு மண்ணிலிருந்து நோய் வரும் என்பதை நம் பக்கத்து மக்கள் தங்கள் உடம்பிலேயே அறிந்தவர்கள்.

வரைபடம் எப்படி வந்தது

இந்த நோய் முதலில் பதிவானது வட அமெரிக்காவில் அல்ல. 1892-இல் அர்ஜெண்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், அலெஹாந்த்ரோ பொசாடாஸ் என்ற இளம் மருத்துவ மாணவர் ஒரு படைவீரரின் தோல் புண்களில் இந்தக் கோளங்களைப் பார்த்தார். சில ஆண்டுகள் கழித்துக் கலிஃபோர்னியாவிலும் இதே போன்ற நோயாளிகள் வந்தார்கள். 1896-இல் ரிக்ஸ்ஃபோர்டும் கில்கிறிஸ்டும் இதற்குப் பெயர் வைத்தபோது, ஒற்றைச் செல் விலங்கு என்றே நினைத்தார்கள். இது பூஞ்சை என்று 1900-இல்தான் தெளிவானது. 1930-களில் அதே கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பொதுச் சுகாதாரத் துறையின் மிர்னி கிஃபோர்டும், ஸ்டான்ஃபோர்டின் எர்னஸ்ட் டிக்சனும், பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிகளுக்கு வந்துகொண்டிருந்த சாதாரணக் காய்ச்சலுக்கும் இதே பூஞ்சைதான் காரணம் என்று இணைத்தார்கள். அதற்கு முன் வரை இது வந்தால் மரணம் என்றே கருதப்பட்ட அபூர்வ நோய்.

இரண்டாம் உலகப் போரில் பாலைநிலத்தில் விமானப் பயிற்சித் தளங்கள் அமைந்தபோது படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். சார்ல்ஸ் ஸ்மித் என்ற மருத்துவர் அங்கே தோல் சோதனைகளை (ஒருவரின் உடல் இந்தப் பூஞ்சையை முன்பே சந்தித்திருக்கிறதா என்று காட்டுபவை) நடத்தினார், புழுதியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளுக்கும் அவர் வழிகாட்டினார். 1950-களில் பெருந்திரளான இளைஞர்களிடம் தோல் சோதனை செய்து, யார் எந்த ஊரில் வளர்ந்தவர் என்பதோடு பொருத்தி, நோய் எங்கெங்கே உண்டு என்ற வரைபடம் வரையப்பட்டது. அரிசோனா, கலிஃபோர்னியாவின் தெற்கும் நடுவும், நெவாடா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகியவற்றின் பகுதிகள், மேற்கு டெக்சாஸ், எல்லை தாண்டி மெக்சிகோ. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புத்தகங்களில் அச்சானது ஏறக்குறைய அந்தப் படம்தான்.

அந்தப் படம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது தோலைச் சோதித்து வரைந்த படம், யாரும் மண்ணைத் தோண்டிப் பார்த்து வரையவில்லை. ஆள் குறைவாக இருக்கும் இடங்களில் பூஞ்சை இருந்தாலும் அதில் தெரியாது. 2001-இல் யூட்டாவின் வடகிழக்கில் உள்ள டைனோசர் தேசிய நினைவுப் பகுதியில் தொல்லியல் வேலை செய்த 10 பேருக்கு ஒரே சமயத்தில் இந்த நோய் வந்தபோதே எல்லைக்கோடு ஒருமுறை ஆட்டம் கண்டது. ஆனாலும் வாஷிங்டனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வாஷிங்டன் என்றதும் சியாட்டிலும் ஓயாத மழையும்தான் நினைவுக்கு வரும். அது மாநிலத்தின் மேற்குப் பாதி. கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம். கொலம்பியா ஆற்றை ஒட்டிய பென்டன், ஃபிராங்க்ளின், வாலா வாலா கவுண்டிகளில் ஆண்டு மழையளவு பல இடங்களில் 200 மில்லிமீட்டர் அளவில்தான். புதர்க்காடு, மணல், கோடையில் கொளுத்தும் வெயில். மூன்று நோயாளிகளும் இந்தத் தென்மத்தியப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

மண்ணைத் தேடிப் போனவர்கள்

நோயாளி பயணம் போகவில்லை என்பது மட்டும் சான்றாகாது. எப்போதோ அரிசோனா விமான நிலையத்தில் இறங்கி மாறியதை மறந்திருக்கலாம். பூஞ்சைத் தூள் ஒட்டிய பொருள்கள் தொலைதூரத்துக்குப் போய், அங்கே அதைக் கையாண்டவர்களுக்கு நோய் வந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆக, சந்தேகப்படுபவர்கள் சொல்வதற்கு எப்போதும் ஒரு பதில் இருந்தது.

வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறையும், சிடிசி என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பூஞ்சை நோய்ப் பிரிவும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. நோயாளிகளும் குடும்பத்தாரும் சொன்னதை வைத்து, மண்ணோடு எங்கெல்லாம் புழங்கினார்கள் என்று பட்டியல் போட்டு, அந்த இடங்களிலிருந்து மண் எடுத்தார்கள். மூன்றுவிதமான ஆட்கள், மூன்றுவிதமான மண் பழக்கம்: ஆடிய இடம், விழுந்த இடம், வேலை செய்த இடம். விபத்து நடந்த தடத்தைப் போலத் துல்லியமான இடம் இந்த நோயில் கிடைப்பது அரிது. மூச்சில் வந்த தூளை எங்கே, எப்போது இழுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. காயம் பட்ட இடம் மட்டும் மறக்காது.

மண்ணிலிருந்து இந்தப் பூஞ்சையைப் பிடிப்பது கஷ்டமான வேலை. ஒரே வயலில் ஒரு குழியில் இருக்கும், சில அடி தள்ளி இருக்காது. ஆய்வகத் தட்டில் வளர்க்கப் பார்த்தால் வேகமாக வளரும் மற்றப் பூஞ்சைகள் மூடிவிடும். அந்தக் காலத்தில் மண்ணைக் கரைத்துச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, எலிக்கு நோய் வருகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது முதலில் பிசிஆர் சோதனை, அதில் பூஞ்சையின் டிஎன்ஏ தென்பட்ட மண்ணை மட்டும் வளர்ப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் மண் மாதிரிகள் சிலவற்றில் டிஎன்ஏ கிடைத்தது, அப்புறம் உயிருள்ள பூஞ்சையே வளர்ந்து வந்தது. 2013-இல் நடந்த இந்தக் கண்டுபிடிப்பைச் சிடிசி தன் வார அறிக்கையில் 2014-இல் வெளியிட்டது. இனம், காக்சிடியாய்டிஸ் இமிட்டிஸ்.

மண்ணில் பூஞ்சை இருக்கிறது, சரி. ஆனால் நோயாளியின் உடலில் இருந்தது இதே பூஞ்சைதானா? இதைத்தான் மரபணுத்தொகுதி வரிசை தீர்த்துவைத்தது.

எழுத்துக்கு எழுத்து

இந்தப் பூஞ்சையின் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது. மனிதனுடையது 300 கோடி. சிறியதாக இருப்பதால் முழுதாகப் படிப்பது இன்று பெரிய செலவில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஆனால் உறவில்லாத இரண்டு பூஞ்சைகளை எடுத்து ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுத்து மாறியிருக்கும். காரணம், இந்தப் பூஞ்சையில் பால்வழிக் கலப்பு நடக்கிறது. அதை யாரும் ஆய்வகத்தில் கண்ணால் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவின் ஜான் டெய்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1996-இல் மரபணுக் குறியீடுகள் கலைந்து கிடக்கும் விதத்தை வைத்தே அதை நிறுவினார்கள். மரபணுக்கள் இப்படிக் கலந்துகொண்டே இருப்பதால், இரண்டு மாதிரிகள் தற்செயலாக எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வழியே இல்லை. ஒத்துப்போனால் ஒரே தாயிழையிலிருந்து வந்தவை.

இந்த அளவுகோல் ஏற்கெனவே ஒருமுறை சோதிக்கப்பட்டிருந்தது. உறுப்புதானம் செய்த ஒருவரிடமிருந்து உறுப்புகளைப் பெற்ற மூன்று பேருக்கு இந்த நோய் வந்தது. மூவரின் பூஞ்சைகளையும் டேவிட் எங்கல்தாலர் குழுவினர் முழுதாக வரிசைப்படுத்தி 2011-இல் வெளியிட்டார்கள். மூன்றுக்கும் இடையே மொத்தம் 3 எழுத்து வித்தியாசம்தான். தானம் கொடுத்தவரின் உடலில் இருந்த ஒரே பூஞ்சை மூன்று உடல்களுக்குப் போனால் எப்படித் தெரியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு.

வாஷிங்டனில், மூன்று நோயாளிகளில் ஒருவரிடமிருந்து எடுத்த பூஞ்சையும் மண்ணிலிருந்து வளர்ந்த பூஞ்சையும் மரபணு அளவில் ஒன்றே என்று அனஸ்தாசியா லிட்வின்ட்சேவா தலைமையில் வெளியான ஆய்வு காட்டியது. இதோடு, ஞாபக மறதி என்ற வாதம் முடிந்தது. நோயாளி எங்கே போனார், எதை மறந்தார் என்பதை இனி அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு வாதம் மிச்சமிருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து லாரியிலோ காற்றிலோ சமீபத்தில் வந்து விழுந்த தூள் அங்கே முளைத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் அதன் வரிசை கலிஃபோர்னியப் பூஞ்சைகளின் நடுவே போய் உட்கார வேண்டும். 2016-இல் எங்கல்தாலர் குழு இரு அமெரிக்கக் கண்டங்களிலிருந்தும் மாதிரிகளைத் திரட்டி வம்ச மரம் வரைந்தபோது, வாஷிங்டன் பூஞ்சைகள் தனிக் கிளையாக நின்றன. அவை அங்கேயே ஊன்றி வாழ்பவை. கலிஃபோர்னியப் பூஞ்சைகளுக்கு உறவுதான், ஆனால் நேற்று வந்த விருந்தாளி அல்ல.

எதிர்ப்பக்கமும் பேசிய சான்று

முதல் கண்டுபிடிப்பைவிட, அதற்குப் பின் வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாஷிங்டனில் பூஞ்சை இருக்கிறது என்று தெரிந்ததும், அங்கே இந்த நோய் வந்த ஒவ்வொருவரையும் உள்ளூர்த் தொற்று என்று எழுதிவிடத் தோன்றும். மருத்துவர்களுக்கு முன்பு எந்தப் பக்கம் சாய்வு இருந்ததோ, இப்போது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, உள்ளூர் மண்ணிலேயே தொற்றியிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்ட 17 பேரின் பூஞ்சைகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. அதில் 4 மட்டுமே வாஷிங்டன் கிளையில் சேர்ந்தன. மீதி 13 பேருக்கு நோய் பெரும்பாலும் மாநிலத்துக்கு வெளியேதான் தொற்றியிருக்கிறது.

இந்த எண்களை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கவனமாகக் கேள்வி கேட்டு, முறையாக விசாரித்து எடுத்த முடிவில் நான்கில் மூன்று பங்கு தவறான திசையைக் காட்டியிருக்கிறது. விசாரித்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பூஞ்சை உடலில் ஆண்டுக்கணக்கில் தூங்கி, எதிர்ப்பாற்றல் குறையும்போது எழக்கூடியது. பல ஆண்டுகளுக்கு முன் போன பயணத்தை நேற்று வந்த காய்ச்சலோடு எந்த நோயாளி சேர்த்துப் பார்ப்பார்? வாய்மொழிச் சான்றால் இந்த நோயின் இடத்தை நிச்சயிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. உள்ளூர்த் தொற்று என்று உறுதியான நான்கும் தங்களுக்குள் ஒரே மாதிரி இல்லை. அவற்றுக்கிடையே இருந்த வித்தியாசம், மாநிலத்தில் பூஞ்சை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒரு தடத்தை மூடி, அறிவிப்புப் பலகை வைத்தால் தீரும் விஷயம் இல்லை என்று அர்த்தம்.

பூஞ்சை எதைத் தின்கிறது

மரபணுத்தொகுதி உறவைச் சொல்வதோடு நிற்பதில்லை, வாழ்க்கை முறையையும் சொல்கிறது. காக்சிடியாய்டிஸ் பற்றிய என் பார்வையை மாற்றியது 2009-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு. தாமஸ் ஷார்ப்டன், ஜான் டெய்லர் உள்ளிட்ட பலர் காக்சிடியாய்டிஸின் இரண்டு இனங்களையும், மனிதருக்கு நோய் தராத அதன் நெருங்கிய உறவான அன்சினோகார்ப்பஸ் ரீசியையும், இன்னும் பல பூஞ்சைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

மண்ணில் வாழும் பூஞ்சை என்றால் செத்த இலையையும் வேரையும் தின்று வாழும் என்றுதான் எதிர்பார்ப்போம். செடியின் செல்சுவரைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இந்தக் குடும்பத்தில் குறைந்துபோயிருந்தன. அதற்கு மாறாக, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளின் குடும்பங்கள் பெருகியிருந்தன. அவற்றில், முடியிலும் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டினை உடைக்கும் வகையும் அடங்கும். ஆக, இந்தப் பூஞ்சைக்குச் செடி உணவு ஆகாது. அது விலங்கைச் சார்ந்து வாழ்கிறது.

அதைப் படித்ததும் பழைய குறிப்புகள் புது வெளிச்சத்தில் தெரிந்தன. செஸ்டர் எம்மன்ஸ் 1940-களிலேயே அரிசோனாவின் பாலைவனக் கொறிணிகளின் நுரையீரல்களில் இந்தப் பூஞ்சையைப் பார்த்திருந்தார். பிரிட்ஜெட் பார்க்கரும் டெய்லரும் 2019-இல் முன்வைத்த கருத்து அதன் தொடர்ச்சி: எலி போன்ற சிறு பிராணிகளுக்குள் பூஞ்சை தீங்கு அதிகமின்றித் தங்கியிருக்கிறது, பிராணி செத்ததும் அந்த உடலைத் தின்று இழையாக வளர்ந்து மண்ணில் இறங்குகிறது. அரிசோனாவில் வளைகளிலிருந்து எடுத்த மண்ணில் வெளிமண்ணைவிடப் பூஞ்சை அடிக்கடி அகப்படுகிறது. ஒரு குழியில் இருந்து அடுத்த குழியில் இல்லாமல் போவதற்கு இது நல்ல விளக்கம். மனிதன் இந்தச் சுழற்சியில் தற்செயலாக நுழைந்தவன்.

இரண்டு இனங்கள் என்றேன். 2002 வரை ஒன்றாகவே எண்ணப்பட்டிருந்ததை, மேத்யூ ஃபிஷர் குழு மரபணு வேறுபாட்டை வைத்துப் பிரித்தது. கலிஃபோர்னியாவை மையமாகக் கொண்டது இமிட்டிஸ். அரிசோனா, டெக்சாஸ், மெக்சிகோ, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் பெரும்பாலும் காணப்படுவதற்குப் பொசாடாஸின் நினைவாகப் பொசாடாசி என்று பெயரிட்டார்கள். நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நோயும் ஏறக்குறைய ஒன்றுதான். 2010-இல் டேனியல் நீஃப்சி குழு பல மாதிரிகளின் முழு வரிசைகளைப் பார்த்தபோது, பிரிந்து போன இந்த இரண்டு இனங்களும் பிற்காலத்தில் கலந்து மரபணுக்களைக் கொடுத்து வாங்கியிருப்பதும் தெரிந்தது. நோய்க்கிருமியின் இனத்துக்கு நாம் கோடு போட்டாலும் அது கோட்டுக்குள் நிற்பதில்லை.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவை

இந்த நிகழ்வை மேற்கோள் காட்டும் பலர், பருவநிலை மாற்றத்தால் பூஞ்சை வடக்கே நகர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெப்பம் கூடக்கூட இதற்கேற்ற நிலம் விரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பசுங்குடில் வாயுக்கள் கட்டுப்படாமல் போனால் 2100-க்குள் இந்த நோய் நிலைகொண்ட அமெரிக்க மாநிலங்கள் 12-இலிருந்து 17 ஆகும் என்று 2019-இல் வெளியான மார்கன் கோரிஸ் குழுவின் கணிப்பு சொல்கிறது. ஆனால் வாஷிங்டன் பூஞ்சை புதிதாக வந்தது என்று மரபணுச் சான்று சொல்லவில்லை. தனிக் கிளையும், அதற்குள்ளேயே வேறுபாடும், அது வெகுகாலமாக அங்கேயே இருந்திருக்கலாம் என்ற பக்கமே சாய்கின்றன. தேடாததால் தெரியாமல் இருந்ததை வராமல் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, ஒப்பிடும் சேகரத்தைப் பற்றியது. வம்ச மரத்தில் இருக்கும் பெரும்பாலான மாதிரிகள் நோயாளிகளிடமிருந்து எடுத்தவை. அவற்றின் ஊர்ப்பெயர் பெரும்பாலும் மருத்துவமனை இருக்கும் ஊர். நோயாளி தூசியை இழுத்த ஊர் வேறாக இருக்கலாம். எந்த மறதியைத் தாண்டத்தான் மரபணுவைப் படிக்கிறோமோ, அதே மறதி சேகரத்துக்குள்ளும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மண்ணிலிருந்தே எடுத்த மாதிரிகள் பெருகினால்தான் இது சீராகும். அதற்கு நீண்ட காலம் ஒரு தடையும் இருந்தது. உயிரி ஆயுதமாகப் பயன்படக்கூடியவை என்ற அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்தப் பூஞ்சை 2012 வரை இருந்தது. மாதிரியை வைத்திருக்கவும் அனுப்பவும் கடும் விதிகள். பட்டியலிலிருந்து நீங்கிய பிறகு வேலை சற்றே எளிதானது.

மனிதருக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் சிபிஎஸ்1 என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கிய பூஞ்சையைத் தடுப்பூசியாக்கி நாய்களில் சோதித்தார்கள், நல்ல பாதுகாப்பு கிடைத்தது. அங்கே நாய்களுக்கும் இது பெரிய தொல்லை, மண்ணை முகர்ந்து தோண்டும் பிராணி ஆயிற்றே. நாய்க்கான தடுப்பூசி முதலில் வரட்டும், மனிதனுக்கு அதிலிருந்து வழி பிறக்கும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

நம்மவர்களுக்கு

ஃபீனிக்ஸ், டூசான், ஃபிரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு ஆகிய ஊர்களில் படித்த, வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பார்க்கப் போய்வரும் பெற்றோரும் உண்டு. திரும்பி வந்தபின் வாரக்கணக்கில் இருமல், மார்புப் படத்தில் ஒரு நிழல் என்றால், நம் ஊரில் முதலில் நினைப்பது காசநோய், அடுத்தது புற்றுநோய். இரண்டையும் போலவே தோற்றம் காட்டக்கூடியது இந்தப் பூஞ்சை. இந்தியாவில் இப்படி வெளியிலிருந்து வந்த நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

காசநோய் மருந்து இதற்குப் பலிக்காது. ஃப்ளூக்கோனசோல், இட்ராக்கோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள்தான் வேண்டும், தீவிரமானால் ஆம்போடெரிசின். ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மாற்றுறுப்பு பெற்றவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஆகவே எந்த ஆண்டு, எந்த ஊரில், எவ்வளவு காலம் இருந்தோம் என்பதை மருத்துவரிடம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததும் கணக்கில் வரும்.

சளியோ திசுவோ ஆய்வகத்துக்குப் போகும்போது கோரிக்கைச் சீட்டிலேயே இந்தச் சந்தேகத்தை எழுதச் சொல்லுங்கள். தட்டில் வளரும்போது இந்தப் பூஞ்சை மண்ணில் இருப்பது போலவே தூளாக உடையும். மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோகும் ஆய்வக ஊழியருக்கு அந்த ஒரு மூச்சு போதும், இப்படி நோய்வாய்ப்பட்டவர்கள் பலர் பதிவாகியிருக்கிறார்கள். விஷயம் முன்கூட்டியே தெரிந்தால், அந்தத் தட்டை மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள அறையில் காற்றிழுக்கும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறப்பார்கள்.